நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்

(மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்குமாக நடந்த இரண்டு நாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். தலைப்பை மாற்றிக்கொண்டவன் நான்தான். அமைப்பாளர் தோழரிடம் போனில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இது நம்ம மேடையில பேச வேண்டியதா தோழர்?” என்றார். வேற எந்த மேடையில பேசறது என்று கேட்டேன். சரி என்று விட்டுவிட்டார்.

கோயில், போர்டிங், பள்ளிக்கூடம், ஞாயிறு மறைக்கல்வி, பாடகர் குழு என்று திருச்சபை சார்ந்த இடங்களில் நம் பிள்ளைகள் மேல் நடக்கும் பாலியல் வன்முறையைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் வக்கீல் இல்லை. மனநல மருத்துவனும் இல்லை. வங்கியில் கிளார்க். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை போர்டிங்கில் இருந்தவன். என் தகுதி அவ்வளவுதான்.

முதலில் கடனைச் சொல்லிவிடுகிறேன். எங்கப்பா கைநாட்டு. எங்க சேரியில் பத்தாவது தாண்டிய முதல் பத்துப் பேரும் போர்டிங் பிள்ளைகள். ஊர்த்தெரு வழியாகச் செருப்புப் போட்டுப் போக முடியாத காலத்தில், ஒரு ஃபாதர் மோட்டார் சைக்கிளில் சேரிக்குள் வந்து, எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்கம்மா கையால் தண்ணி வாங்கிக் குடித்தார். அதை எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூணு வேளை சோறு, ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு செட் துணி. எனக்கு வெளிநாட்டில் ஒரு ஸ்பான்சர் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு அவருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். கரும்பலகையில் மாதிரி எழுதிப்போடுவார்கள், பார்த்து எழுதுவோம். நான் எழுதக் கற்றுக்கொண்ட முதல் உரைநடை அதுதான். இன்றைக்கு நான் இங்கே நின்று பேசுவதற்கு அந்தச் சோறும் ஒரு காரணம். அதை மறுத்துவிட்டுப் பேச எனக்கு உரிமை இல்லை.

இப்போது மற்றதைச் சொல்கிறேன்.

1999. ஆறாம் வகுப்பு. நாற்பது பையன்கள் ஒரே ஹாலில் பாய் போட்டுப் படுப்போம். ஹாலின் கோடியில் பிரதரின் அறை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்த பிறகு கால் அமுக்க ஒரு பையனைக் கூப்பிடுவார். முதலில் ஆள் மாற்றி மாற்றி. அப்புறம் ஒருத்தனையே. அவன் என் பக்கத்துப் பாய். அவன் பேரும் ஊரும் சொல்ல மாட்டேன். இதைப் பேசப்போகிறேன் என்று அவனிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். “பேரு வேணாம், மத்தத சொல்லு” என்றான்.

ரொம்ப நேரம் கழித்து வந்து படுப்பான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். கொஞ்ச நாளில் பாயிலேயே மூத்திரம் போக ஆரம்பித்தான். காலையில் அந்தப் பாயைத் தலையில் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் நிற்க வேண்டும், அதுதான் தண்டனை. நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். மூன்று தடவை வீட்டுக்கு ஓடினான். மூன்று தடவையும் அவன் அப்பா அடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை அவன் அம்மாவும் வந்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆபீஸ் வாசலில் காலில் விழுந்தது. அவன் தன் அம்மாவிடம் சொன்னதெல்லாம் “அங்க வேணாம்மா” என்பது மட்டும்தான். வேற என்ன சொல்லுவான்? அந்தக் காரியத்துக்கு நம் பிள்ளைகளிடம் இருக்கிற சொற்கள் எல்லாம் கெட்ட வார்த்தைகள். சொன்னால் வாயில் சூடு விழும். புகார் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. நாம் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஏழாவதோடு அவன் படிப்பு நின்றது. பிரதர் அதற்கு அடுத்த வருஷம் வேறொரு போர்டிங்குக்கு மாற்றலாகிப் போனார். பிரிவு விழா வைத்தார்கள். நான் பாட்டுப் பாடினேன்.

பதினைந்து வருஷம் கழித்து அவன் என் வங்கிக்கு நகைக்கடன் வைக்க வந்தான். பொண்டாட்டியின் தோடு. மதிப்பீட்டாளர் கல்லில் உரசிக்கொண்டிருந்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் டீக்கடைக்குப் போனோம். பழசையெல்லாம் பேசி, சிரித்து, எழுந்திரிக்கும்போது சாதாரணமாகக் கேட்டான்: “அன்னைக்கி நீ முழிச்சிக்கிட்டுதானடா இருந்தே?”

ஆமாம். முழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் அந்த அறையிலிருந்து திரும்புகிற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். அடுத்து என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஜெபம்.

பதினொரு வயசுப் பையன் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நானும் எனக்குச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஆனால் எனக்கு இருபது வயசானபோதும் சொல்லவில்லை, இருபத்தஞ்சிலும் சொல்லவில்லை. கீழ்வெண்மணி பற்றி எழுதினேன், மேலவளவு பற்றி எழுதினேன். பக்கத்துப் பாயைப் பற்றி எழுதவில்லை. சோறு போட்ட இடத்தைக் குறை சொல்லக் கூடாது என்கிற நன்றி என் வாயில் இருந்தது.

இது நம் சேரிக்கு மட்டும் நேர்ந்ததா என்று தேடிப் படித்தேன். இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒரு பாதிரியார், ஜான் கேகன். முப்பது வருஷத்துக்கு மேல் பங்கு பங்காக மாற்றப்பட்டவர். கணவன் துணை இல்லாமல் கஷ்டப்படுகிற, பிள்ளைகள் நிறைந்த வீடுகளாகப் பார்த்து உள்ளே போவார். உதவி செய்வார், பிள்ளைகளைத் தூங்கவைப்பார். ஒரே குடும்பத்தில் ஏழு பையன்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மாள் 1982இல் கர்தினாலுக்கே கடிதம் எழுதினார். 1984இல் அந்தப் பாதிரியாருக்கு இன்னொரு பங்கு கிடைத்தது. 2002 ஜனவரியில் ‘பாஸ்டன் குளோப்’ பத்திரிகை இதையெல்லாம் ஆவணங்களோடு வெளியிட்டது. அந்த வருஷம் டிசம்பரில் கர்தினால் லா பதவி விலகினார். 2004இல் ரோமாபுரியின் பெரிய பேராலயம் ஒன்றுக்குத் தலைமைக் குருவாக நியமிக்கப்பட்டார். 1950 முதல் 2002 வரை அமெரிக்காவில் 4,392 குருக்கள் மேல் குற்றச்சாட்டு வந்திருக்கிறது, சொன்னவர்கள் 10,667 பேர். இது ஆயர்களே பணம் கொடுத்து நடத்திய ஜான் ஜே கல்லூரி ஆய்வின் கணக்கு, 2004.

அயர்லாந்து கதை எனக்கு இன்னும் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது. அங்கே தொழிற்பள்ளிகள் என்று துறவற சபைகள் நடத்தின. ஏழைப் பிள்ளைகளையும் கல்யாணமாகாத தாய்மாரின் பிள்ளைகளையும் நீதிமன்றமே அங்கே அனுப்பியது. தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுத்தது. அடியும் பட்டினியும் பாலியல் கொடுமையும் அந்தப் பள்ளிகளில் எப்படி நடைமுறையாகவே இருந்தன என்பதை 2009இல் வந்த ரையன் ஆணைய அறிக்கை சொல்லுகிறது. ஆனால் கொடுமை செய்தவர்களின் பெயர் அதில் இல்லை. பெயர் வரக் கூடாது என்று ஒரு சபை வழக்குப் போட்டு, அதற்கு ஆணையம் இணங்கிப்போனது. அந்தப் பிள்ளைகள் வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான். ஆனாலும் பாருங்கள், யாருடைய பிள்ளைகளை எடுத்திருக்கிறார்கள்? வந்து கேட்க நாதி இல்லாதவர்களின் பிள்ளைகளை.

இது கத்தோலிக்கர் சமாச்சாரம் என்று சி.எஸ்.ஐ. தோழர்களும் பெந்தெகொஸ்தே தோழர்களும் நிம்மதியாக உட்கார வேண்டாம். அமெரிக்காவின் தென்பாப்டிஸ்ட் சபைத் தலைமை, குற்றம்சாட்டப்பட்ட போதகர்கள், ஊழியர்கள் சுமார் 700 பேரின் பட்டியலை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது 2022இல் வெளியே வந்தது. இங்கிலாந்து திருச்சபையின் கேன்டர்பரி பேராயர் 2024 நவம்பரில் பதவி விலக வேண்டியிருந்ததும் இப்படி ஒரு விஷயத்தில்தான். அவர்கள் குருக்கள் கல்யாணம் கட்டிக்கொள்கிறவர்கள். ஆக, பிரம்மச்சரியம்தான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கேள்வி கேட்க முடியாத அதிகாரம், கூட ஒரு பூட்டிய கதவு. இது எங்கே இருந்தாலும் நடக்கும். தன் குருகுலத்தில் படித்த 16 வயசுப் பெண்ணைக் கெடுத்ததற்கு ஆசாராமுக்கு 2018இல் ஜோத்பூர் நீதிமன்றம் ஆயுள்தண்டனை கொடுத்ததே, அங்கே சிலுவை இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். உதகமண்டலம் மறைமாவட்டத்துக் குரு ஒருவர் 2004இல் அமெரிக்காவில் மினசோட்டாவுக்குப் பணிக்குப் போனார். அங்கே இரண்டு சிறுமிகள் விஷயத்தில் வழக்கு. அவர் இந்தியா திரும்பிவிட்டார். 2012இல் இங்கே கைது, 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு, 2015இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து ஊர் திரும்பினார். 2016இல் மறைமாவட்டம் ரோமாபுரியைக் கலந்துகொண்டு அவருடைய பணிநீக்கத்தை ரத்து செய்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மனிதரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது, இங்கே உள்ள எந்தத் தாய் தகப்பனையாவது கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்களா?

எனக்குத் தூக்கம் கெட்டது கேரள வழக்கில்தான். கண்ணூர் மாவட்டத்து மலைப்பகுதி, 2017. பள்ளிக்கூட மேலாளராகவும் இருந்த பங்குக் குரு. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. விசாரணையில் அந்தப் பெண்ணின் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? நான்தான் காரணம் என்றார். பெற்ற தகப்பன் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். டி.என்.ஏ. பரிசோதனை வந்த பிறகுதான் குழந்தைக்குத் தகப்பன் குருதான் என்பது உறுதியானது. நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணும் தாயாரும்கூடப் பிறழ்சாட்சி ஆனார்கள். பெண் மேஜர், சம்மதத்தோடு நடந்தது என்றார்கள். பிறப்புப் பதிவு அப்படிச் சொல்லவில்லை. தலச்சேரி போக்சோ நீதிமன்றம் 2019இல் இருபது ஆண்டு கொடுத்தது. மறைக்க உதவியதாகச் சேர்க்கப்பட்ட மற்ற ஆறு பேரும் விடுதலை. 2020இல் குருத்துவம் பறிக்கப்பட்டது. 2021இல் உயர்நீதிமன்றம் தண்டனையைப் பத்து ஆண்டாகக் குறைத்தது.

அந்தத் தகப்பனைத் திட்டாதீர்கள். என் நண்பனின் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் வாசலில் காலில் விழுந்தது. நம் சனங்களுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் அங்கே, போர்டிங் சீட் அங்கே, ஆயா வேலை அங்கே, வீட்டுமனை அங்கே, செத்தால் புதைக்கிற குழி அங்கே. அந்தக் குழியிலும் நமக்குத் தனி வரிசை, தனிச் சுவர், அது வேறு கதை. இத்தனையும் ஒருவர் கையில் இருக்கும்போது ஒரு பிள்ளையின் வார்த்தை எப்படி வெளியே வரும்?

இதில் தலித் கிறிஸ்தவனுக்கென்று தனியாக ஒரு முடிச்சு இருக்கிறது. கல்விக்கடன் மனுக்களோடு என் மேஜைக்கு வரும் சாதிச் சான்றிதழ்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இது விளங்கியது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவன் பட்டியல் சாதி இல்லை என்றது. சீக்கியருக்கு 1956இல், பவுத்தருக்கு 1990இல் திறந்தார்கள். கிறிஸ்தவனுக்குத் திறக்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு மத்திய அரசை வலியுறுத்தியது, அவ்வளவுதான். ஆகவே ஒரு தலித் பிள்ளைமேல் ஆதிக்க சாதிக்காரன் கை வைத்தால் போக்சோவோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து வரும், நிவாரணத் தொகை வரும். அதே சேரியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை காகிதத்தில் கிறிஸ்தவப் பிள்ளை என்றால் போக்சோ மட்டும்தான்.

இன்னும் கேளுங்கள். நம்மில் எத்தனையோ குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் சான்றிதழில் இந்துவாகவும் இருக்கிறது. வேறு வழி இல்லாமல்தான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு மறைக்கல்வி வகுப்பில் ஏதோ நடந்துவிட்டது. புகார் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? பாப்பாவுக்கு ஞானஸ்நானம் எந்த வருஷம்? அண்ணன்காரனுடைய ஸ்காலர்ஷிப், அக்காவின் வேலை எல்லாம் ஆடிப்போகும். அந்த ஞானஸ்நானப் பதிவேடு யார் பீரோவில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மிரட்டவே வேண்டாம், பீரோ சாவியைச் சும்மா ஆட்டினால் போதும்.

இதைப் பேசினால் ஆர்.எஸ்.எஸ்.காரனுக்கு ஆதாயம் என்று தோழர்கள் சொல்லுவார்கள். சாயங்காலம் என்னிடம் தனியாகவும் சொல்லுவார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் நாம் மூடி வைத்தால், ஒருநாள் அவன் திறந்து பார்ப்பான். அவன் திறந்தால் அங்கே பிள்ளை இருக்காது, மதமாற்றம் மட்டும்தான் இருக்கும். நாம் பேசினால் பிள்ளையைப் பற்றிப் பேசலாம். அப்புறம், கோயிலைக் காப்பாற்ற வேண்டிய பாரத்தை ஆறாம் வகுப்புப் பையன் தலையில் ஏன் வைக்கிறோம்?

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இலிருந்து அமலில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுதான். பிரிவு 19: குற்றம் நடந்தது தெரிந்தவர், நடக்கலாம் என்று அஞ்சுகிறவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சாமியார்களுக்கு, ஆயர்களுக்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூடக் கிடையாது. மறைத்தால் பிரிவு 21: ஆறு மாதம் வரை, நிறுவனத் தலைவராக இருந்தால் ஒரு வருஷம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவன்மேல் வழக்குப் போட முடியாது. மத நிறுவனத்து ஆள் தன் நிறுவனத்துப் பிள்ளையிடம் இதைச் செய்தால் அது கூடுதல் குற்றம், தண்டனை கூடும். பிள்ளையின் வாக்குமூலத்தைப் போலீஸ் உடுப்பில் இருந்து எடுக்கக் கூடாது, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோ எடுக்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளையே பேசலாம். இதெல்லாம் உங்கள் வாயில் பாடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஸ்டேஷன்களில் இது தெரியாததுபோல் நடந்துகொள்வார்கள்.

ஃபாதரிடம் முதலில் சொல்லுவோம், ஆயரிடம் மனு கொடுப்போம், அவர்கள் குழு போட்டு விசாரிக்கட்டும் என்பதெல்லாம் அப்புறம். குழுக்கள் இருக்கட்டும். 2019 டிசம்பரில் போப்பரசரே இந்த வழக்குகளில் பாப்பிறை ரகசியம் என்பதை நீக்கிவிட்டார், நல்லது. ஆனால் முதல் தாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பங்குப் பேரவை உட்கார்ந்து தொகை பேசினால் அதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து. அதில் நம் தலைவர்கள் சிலரும் நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

நம் அமைப்புகளுக்கும் ஒன்று. நமக்குச் சுவரொட்டி அடிக்கிற வேகம் அதிகம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தைப் போட்டு, ஊர் பேரைப் போட்டு, ‘நீதி வேண்டும்’ என்று ஒட்டுகிறோம். அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், அந்தப் பிள்ளை நாளைக்கு அந்தச் சுவர் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆளாளுக்குப் போய் “என்ன நடந்துச்சு சொல்லு” என்று கேட்பதையும் நிறுத்துங்கள். ஒருவர் கேட்டால் போதும். நாம் நடத்துகிற இரவுப் பாடசாலை, பறைப் பயிற்சி, கோடை முகாம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முகாம் முடிந்து பொம்பளைப் பிள்ளைகளை யார் வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, தோழர்களையே சந்தேகப்படுகிறாயா என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். ஆயர் இல்லமும் இதே வார்த்தையைத்தான் சொல்லும்.

என் நண்பன் வழக்குப் போடவில்லை. நடந்தது 1999, போக்சோவுக்கு முன்னால். பழைய சட்டத்தில் போகலாமா என்று வக்கீல் தோழர் ஒருவரிடம் கேட்டு வந்து சொன்னேன். அவன் வேண்டாம் என்றுவிட்டான். அது அவன் முடிவு. ஆனால் இந்த வருஷம் வேறொன்றுக்காக வந்தான். மகள் ஆறாவது. ஊரில் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம், பஸ்ஸும் ஒழுங்கில்லை. “போர்டிங்ல சேக்கலாமாடா, நீ சொல்லு” என்றான். அந்தக் கேள்வியை அவன் கேட்க எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும்.

ரெண்டு பேரும் லீவு போட்டுப் போனோம். சிஸ்டர்கள் நடத்துகிற போர்டிங். 2014 சட்டப்படி விடுதிப் பதிவு இருக்கா, காட்டுங்க என்றேன். ராத்திரி சாவி யாரிடம், ஆம்பளைங்க யார் யார் உள்ளே வரலாம், குளியலறையில் உள்தாழ்ப்பாள் இருக்கா, பிள்ளை வீட்டுக்குப் போன் பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்பார்களா, பிள்ளை அழுதால் யாரிடம் போகும். சிஸ்டருக்கு முதலில் முகம் சிவந்தது. பேங்க்காரர் ஆடிட் பண்ண வந்திருக்கீங்களா என்றார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். இரண்டு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இல்லை என்று ஒத்துக்கொண்டார், குறித்துக்கொண்டார். சுவரில் 1098 எழுதியிருந்தது. பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் போன் இல்லை என்று அவன் காட்டினான். மறுவாரம் ஒரு ஸ்டூல் போட்டுவிட்டதாகச் சிஸ்டரே கூப்பிட்டுச் சொன்னார்.

ஜூன் மாசம் சேர்த்தான். சனிக்கிழமை ஆறு மணிக்குப் பாப்பா பேசும். அந்த நேரத்தில் அவன் கொத்து வேலையில் சாரத்தின் மேல் இருந்தாலும் இறங்கி வந்துவிடுவான். சேர்த்த அன்றைக்கு மகளிடம் அவன் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “யாராவது கூப்ட்டா போகாத. போயிட்டாலும் பரவால்ல, எங்கிட்ட வந்து சொல்லு. நான் அடிக்க மாட்டேன்.”